காவலுக்கு வந்தவன்: யாழ்ப்பாணத்தில் பொலிஸ் காதல் கதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மிரட்டலுக்குப் பயந்து வாழும் பெண், அவளுக்குக் காவலாக வரும் பொலிஸ்காரன், இடையில் முளைக்கிற காதல். இணையத் தொடர்கதைகளில் இந்தக் கரு அலுக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்து இதை எழுதுகிறவர்கள் பிரதியைத் திருத்தித் தரச் சொல்லி எனக்கு அனுப்புவார்கள். முன்பு சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக்காக இருந்தவன் என்பதால் பொலிஸ், நீதிமன்றம், காணி பற்றிய கேள்விகளும் கூடவே வரும். திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

என் நாயகிக்கு 24 மணிநேரமும் ஒரு பொலிஸ்காரன் காவல் நிற்பதாக எழுதலாமா?

எழுதலாம், அவள் யார் என்பதைப் பொறுத்து. அமைச்சருக்கும் நீதிபதிக்கும் மெய்ப்பாதுகாவலர் உண்டு. கோண்டாவிலில் தையல் கடை வைத்திருக்கிற பெண்ணுக்கு அப்படி ஒருவரைக் கொடுக்க எந்தப் பொறுப்பதிகாரியிடமும் ஆள் இராது. அவள் பொலிஸ் நிலையத்துக்குப் போனால் முறைப்பாடு எழுதுவார்கள். எதிராளியைக் கூப்பிட்டு விசாரித்து எச்சரித்து அனுப்புவார்கள். நல்ல பொறுப்பதிகாரி என்றால் இரவு ரோந்து போகிறவர்களிடம் "அந்த ஒழுங்கைக்குள்ளயும் ஒருக்கால் போயிட்டு வாங்கோ" என்று சொல்லி வைப்பார். அவ்வளவுதான்.

முழுநேரக் காவல் உங்கள் கதைக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் அவளை ஒரு வழக்கின் சாட்சியாக்குங்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கென்று 2015 இல் 4 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. இதற்கென ஒரு தேசிய அதிகாரசபையும், பொலிஸ் திணைக்களத்துக்குள் தனிப் பிரிவும் இருக்கின்றன. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். நேரில் கூண்டில் ஏறாமல் வேறோர் இடத்திலிருந்து காணொளி வழியே சாட்சியம் சொல்லவும் வழி இருக்கிறது. மேல் நீதிமன்றத்தில் கொலை வழக்கு, அவள் ஒருத்திதான் கண்ணால் கண்டவள் என்று வைத்துக்கொண்டால் வாசலில் ஒரு பொலிஸ்காரன் நிற்பதை வாசகர் நம்புவார்.

என்னைக் கேட்டால் முழுநேரக் காவலைவிட ரோந்துதான் காதலுக்கு நல்லது. போன வருடம் வந்த ஒரு பிரதியில், நாயகியின் வீட்டுப் படலைக்குள் ஒரு சீஆர் கொப்பி கட்டித் தொங்கும். இரவு ரோந்து வருகிற கான்ஸ்டபிள் அதில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவான். அவள் காலையில் முற்றம் கூட்டப் போகும்போது கொப்பியைத் திறந்து பார்ப்பாள். 11.40, 2.15, 4.05. மழை பெய்த இரவில் மை கரைந்திருக்கும். ஒரு நாள் 2.15 க்குப் பக்கத்தில் "நாய் கட்டவில்லை" என்று எழுதியிருக்கும். அடுத்த இரவு அவள் நாயைக் கட்டிவிட்டு, கொப்பியில் "கட்டியாச்சு" என்று எழுதி வைப்பாள். அத்தியாயம் எட்டு வரைக்கும் இருவரும் நேரில் ஒரு சொல் கதைக்கவில்லை. நான் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை.

மிரட்டுகிறவன் யார்? கொழும்பிலிருந்து ஒரு பாதாள உலகத் தலைவனைக் கொண்டுவரவா?

வேண்டாம். அவன் வந்து இறங்கியதும் கதை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிவிடும். இங்கே ஒரு பெண்ணை மிரட்டுகிறவனுக்குப் பெரும்பாலும் அவள் வீட்டு நாயின் பெயர் தெரிந்திருக்கும். பழைய காதலன் கையில் இருக்கிற படங்கள், நுண்கடன் வாரக் கட்டுக்காசு கேட்டுப் படலையில் வந்து நிற்கிறவர், வாள்வெட்டுக் கும்பலில் திரிகிற பக்கத்து ஒழுங்கைப் பெடியன் என்று போதுமான ஆட்கள் உண்டு.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது காணி. தேசவழமை, அதாவது வடக்குத் தமிழரின் சொத்துக்கான வழக்காற்றுச் சட்டம், யாழ்ப்பாணத்துக் காதல் கதைக்குக் கிடைத்த வரம். யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. அதன்படி கலியாணமான பெண் தன் பெயரில் இருக்கிற காணியை, சீதனமாக வந்ததாக இருந்தாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவன் கைவிட்டுப் போனவன் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், அதற்கு வழக்கு வைக்க வேண்டும். பங்குக் காணி என்றால் இன்னொரு சிக்கல்: ஒரு பங்காளி விற்கும்போது அதை முதலில் வாங்கும் உரிமை மற்றப் பங்காளிக்கு உண்டு.

இப்போது பாருங்கள். கனடாவுக்குப் போய் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட கணவன் கையெழுத்துப் போட மறுக்கிறான். ஊரில் அவனுடைய தமையன் வந்து "வித்துப்போட்டு எங்கட பங்கைத் தா" என்று இரவில் கத்துகிறான். ஒரு நாள் கிணற்றடியில் வாளி உடைந்து கிடக்கிறது. இன்னொரு நாள் வேலிக் கதியால் வெட்டிச் சரிக்கப்பட்டிருக்கிறது. ஒருவரும் வாள் தூக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு நித்திரை வராது, வாசகருக்கும் வராது.

கணவன் மிரட்டினால் நீதிமன்றக் கட்டளை வாங்கலாமா?

வாங்கலாம். 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் முதலில் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். விசாரித்த பிறகு 12 மாதம் வரை செல்லுபடியாகும் பாதுகாப்புக் கட்டளை. கதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பாதிக்கப்பட்டவளுக்காக ஒரு பொலிஸ் உத்தியோகத்தரே அந்த விண்ணப்பத்தைச் செய்யலாம். உங்கள் நாயகன் சுவர் ஏறிக் குதிப்பதைவிட, விண்ணப்பத்தில் அவள் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவது எனக்கு அழகாகப் படுகிறது.

வெறும் காதலனுக்கு எதிராக இந்தச் சட்டத்தில் கட்டளை எடுப்பதாக எழுதாதீர்கள். கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்ந்தவன், நெருங்கிய உறவினர் ஆகியோர்தான் இதற்குள் வருவார்கள். காதலன் மிரட்டினால் அது சாதாரணக் குற்றவியல் முறைப்பாடு.

நாயகன் தமிழனா, சிங்களவனா?

இந்தக் கேள்விக்குப் பயந்து பலர் அவனுக்கு ஊரே கொடுப்பதில்லை. "அர்ஜுன், உயரமானவன்" என்று தொடங்கிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் காக்கி உடுப்புக்கு ஊர் இல்லாமல் இருக்க முடியாது.

இங்கே பணிபுரிகிற பொலிஸாரில் பெரும்பாலானோர் சிங்களவர்கள். மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் என்று 1987 இல் 13 ஆவது திருத்தம் சொன்னது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. வடக்கு கிழக்கில் தமிழ்தான் நிர்வாக மொழி என்று அடுத்த வருடமே 16 ஆவது திருத்தமும் சொன்னது. ஆனாலும் அவள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்கிற முறைப்பாட்டு மேசை உங்கள் முதல் அத்தியாயத்துக்கு மிகப் பொருத்தமான இடம். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு வாசிக்கத் தெரியாத தன் சொந்த வாக்குமூலத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். பின்னால் நிற்கிற ஒருவன் "கையெழுத்து வைக்காதேங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன்" என்கிறான். அவன் மட்டக்களப்புக்காரனாக இருக்கலாம், ஹற்றன்காரனாக இருக்கலாம், குருநாகலிலிருந்து வந்து பலாலி வீதித் தேத்தண்ணிக் கடையில் தமிழ் பழகியவனாகவும் இருக்கலாம். மூன்றும் மூன்று வேறு கதை.

மட்டக்களப்பான் என்றால் "பிறகு" என்பதற்கு "மறுகா" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவளுடைய தம்பி சிரிப்பான். மலையகத்தான் என்றால் தாய் வேறு மாதிரிப் பார்ப்பாள். அதை மறைக்காமல் எழுதுங்கள். சிங்களவன் என்றால் அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற படங்களில் போருக்குள் செத்தவர்கள் யார் யார் என்பதைத் தீர்மானித்துவிட்டுத்தான் அவனை விறாந்தையில் ஏற்ற வேண்டும்.

சிங்களப் பொலிஸ்காரனை யாழ்ப்பாண வாசகர் ஏற்கமாட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2017 ஜூலையில் நல்லூரில் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் ஹேமச்சந்திர சுடப்பட்டு உயிரிழந்தார். சிலாபம் பக்கத்தவர், நீண்ட காலம் அந்த நீதிபதியோடு இருந்தவர். அவருடைய குடும்பத்தின் முன் நீதிபதி அழுத படம் பத்திரிகைகளில் வந்தபோது இங்கே எத்தனையோ வீடுகளில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தார்கள். பொலிஸ் என்ற அமைப்பில் நம்பிக்கை இல்லாத ஊருக்கும் ஒரு தனி மனிதனின் காவலை மதிக்கத் தெரியும். உங்கள் கதை அந்த இடைவெளிக்குள்தான் நடக்க வேண்டும்.

ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட வேண்டும்?

அவள் "சேர்" என்பாள். அவன் அவளுடைய வயதைப் பார்த்து "தங்கச்சி" அல்லது "அக்கா" என்பான். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவள், படிப்பிக்கிறவள் என்றால் "மிஸ்". சிங்களவன் என்றால் வாய்தவறி, சிங்களத்தில் தங்கச்சி என்கிற "நங்கி" வரும். எடுத்த எடுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் மரியாதை தெரியாதவன் என்று வாசகர் முடிவு கட்டிவிடுவார். எல்லாரையும் தங்கச்சி என்கிறவன் ஒருத்தியை மட்டும் எதுவும் சொல்லாமல் "வந்து..." என்று தொடங்கித் தடுமாறினால் அதுவே போதும், பக்கத்து வீட்டு அன்ரிக்கு விளங்கிவிடும். "சேர்" எப்போது "நீங்கள்" ஆகிறது என்பதை ஓர் அத்தியாயமாகவே எழுதலாம். "நீ" கலியாணத்துக்குப் பிறகும் வராமல் போகலாம்.

காவல் கடமையில் இருக்கும்போதே காதலைச் சொல்ல வைக்கலாமா?

எனக்கு வருகிற பிரதிகளில் பத்துக்கு ஒன்பது இங்கேதான் விழுகின்றன.

அவன் நிலையை யோசியுங்கள். அவளுடைய தொலைபேசி இலக்கம் அவனுக்கு முறைப்பாட்டுப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. அவள் எத்தனை மணிக்கு வெளிச்சத்தை அணைக்கிறாள், எந்த யன்னலுக்குக் கொழுக்கி இல்லை, யாருக்குப் பயப்படுகிறாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவளுக்கு அவனைப் பற்றித் தெரிந்தது மார்பில் குத்தியிருக்கிற இலக்கம் மட்டும். இரவு பத்து மணிக்கு "சாப்பிட்டீங்களா?" என்று அவன் வாட்ஸ்அப்பில் கேட்டால் அவள் பதில் போடாமல் விட முடியுமா? விட்டால் நாளைக்கு ரோந்து வருமா? இந்தக் கேள்வி அவள் மனதில் ஒரு கணம் வந்து போனாலும் அங்கே காதல் இல்லை.

இதற்குச் சட்டமும் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆவது பிரிவு, 1995 திருத்தத்துக்குப் பிறகு, அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் சொல்லாலோ செயலாலோ விருப்பமில்லாத பாலியல் நெருக்கம் காட்டுவதைப் பாலியல் துன்புறுத்தல் என்கிறது. ஐந்து வருடம் வரை மறியல். பல தொடர்களில் நாயகன் மூன்றாம் அத்தியாயத்தில் செய்வது இதுதான், பின்னணியில் மழை பெய்கிறது என்பதைத் தவிர.

வழி இருக்கிறது. இடமாற்றம் கொடுங்கள். பொலிஸ் வேலையில் இடமாற்றம் எந்த நேரமும் வரும். கட்டளை கிடைத்து, வழக்கு முடிந்து, அவன் மன்னாருக்கோ மொனராகலைக்கோ போன பிறகு, அவனுடைய பாதுகாப்பு அவளுக்குத் தேவைப்படாத ஒரு நாளில், அவள் தன் காசில் பஸ் ஏறிப் போகட்டும். இல்லையென்றால் அவன் லீவில் சறமும் சேட்டுமாக ஒரு சாதாரண ஆளாகப் படலையில் வந்து நிற்கட்டும். "இண்டைக்கு டியூட்டி இல்ல. போகச் சொன்னால் போறன்." அவள் போகச் சொல்லலாம் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை உண்மையாகவே போகச் சொல்லியும் விடட்டும். அதற்குப் பிறகும் ரோந்து ஜீப் அந்த ஒழுங்கைக்குள் வழமையான நேரத்துக்கு வருகிறது, ஓட்டி வருகிறவன் வேறொருவன் என்று எழுதினால் உங்கள் நாயகனை நான் நம்புவேன்.

அவள்தான் முதலில் விரும்புகிறாள் என்றால்?

அப்போதும் அவன்தான் விலகி நிற்க வேண்டும். பயத்தில் இருக்கிறவளுக்குக் கதவைத் தட்டுகிற முதல் நல்ல மனிதன் பெரிய ஆளாகத் தெரிவான். அவள் பயம் தெளிந்த பிறகும் அவனைப் பிடிக்கிறதா என்று பார்க்கிற பொறுப்பு அவனுக்கு இருக்கிறது. இதைச் சொன்னால் "அப்ப றொமான்ஸ் எங்கே அண்ணை?" என்று கேட்கிறார்கள். காத்திருப்பதில் இருக்கிறது. நல்ல தொடர்களில் அடுத்த அத்தியாயம் வருகிற திங்கட்கிழமை வரை வாசகர் காத்திருப்பதும் அதற்குத்தானே.

இருவரும் சந்திக்க இடம்?

பண்ணைக் கடற்கரையில் சோடியாக இருந்தால் பொலிஸே வந்து எழுப்பும். அதனால் அங்கே ஒரு பகிடிக் காட்சி வைக்கலாம். காரைநகர் கசூரினா கடற்கரை தூரம், போனதும் தெரியும், வந்ததும் தெரியும். நூலகம் பாதுகாப்பானது, ஆனால் எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

நல்லூர் திருவிழாவை விட்டுவிடாதீர்கள். 25 நாள், கோயிலைச் சுற்றி வீதி மூடியிருக்கும், வெறுங்காலோடு மணலில் சனம். ஆண்கள் மேற்சட்டை கழற்றாமல் உள்ளே போக முடியாது. உடுப்போடு கடமையில் இருக்கிற உங்கள் காவலன் வாசல் வரைதான் வருவான். உள்ளே அந்தச் சன நெரிசலில் அவள் தனியே. மிரட்டுகிறவனோ வேட்டியோடு, திருநீறு பூசி, அவளுக்கு இரண்டு பேர் தள்ளிக் கைகூப்பி நிற்கிறான். துப்பாக்கியே இல்லாமல் இதைவிடப் பதற வைக்கிற காட்சி கிடைக்காது.

சண்டைக் காட்சி, துப்பாக்கிச் சூடு?

ஒன்று போதும். இல்லாமலும் நடக்கும்.

முத்தம்?

உங்கள் விருப்பம். விறாந்தையில் தாய் இருக்கும்வரை நடக்காது.

தாய் தகப்பன் பக்கத்தை எப்படி எழுதுவது?

தாய் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு "தம்பி எந்த ஊர்?" என்று கேட்பாள். அவன் ஊரைச் சொன்னால் "அங்க எந்தப் பக்கம்?" என்பாள். மூன்றாவது கேள்வி கோயிலைப் பற்றியதாக இருக்கும். சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே விசாரணை முடிந்துவிடும். பொலிஸ்காரனான அவனே இவ்வளவு சுத்தமாக ஒருவரையும் விசாரித்திருக்க மாட்டான். பல எழுத்தாளர்கள் எதிர்ப்பைத் தகப்பனின் கத்தலாக எழுதுகிறார்கள். நான் பார்த்த வீடுகளில் எதிர்ப்பு தேத்தண்ணியோடுதான் வரும். அடுத்த கிழமை குறிப்பு பார்த்துப் பொருந்தவில்லை என்பார்கள், பிறகு லண்டனிலிருந்து பெரியம்மா கோல் எடுப்பா.

சந்தோஷ முடிவு வைத்தால் நாடகத்தனமாக இருக்காதா?

காணியை வைத்துத் தொடங்கியிருந்தால் முடிவும் அதற்குள்ளேயே கிடக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட பெண், அந்தச் சட்டம் பொருந்தாத ஒருவனைக் கலியாணம் செய்தால், அந்தத் திருமணம் நிலைத்திருக்கும் வரை அவளுக்கும் தேசவழமை பொருந்தாது. அதுவும் அதே 1911 கட்டளைச் சட்டத்தில்தான் இருக்கிறது. மட்டக்களப்பானுக்கும் குருநாகலானுக்கும் தேசவழமை இல்லை. பழைய கணவனிடமிருந்து விவாகரத்து எடுத்து (இலங்கையில் மற்றவர் பக்கத் தவறை நிரூபிக்க வேண்டும், அவன் கைவிட்டுப் போனதே ஒரு காரணம், ஆனால் வருடக்கணக்கில் இழுபடும்) அவள் இவனோடு கலியாண எழுத்து எழுதினால், அன்றிலிருந்து தன் காணியைத் தன் ஒரு கையெழுத்தோடு விற்கலாம், வைத்திருக்கலாம்.

தமையன்காரன் இதை ஒரு நொத்தாரிசிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "காணிக்காகத்தான் அவனைப் பிடிச்சவள்" என்று ஊரெல்லாம் சொல்லட்டும். அவளுக்கும் ஒரு கணம் அந்தச் சந்தேகம் வரட்டும், அவனுக்கும் வரட்டும். முடிவை அதற்குள்ளிருந்து எடுங்கள்.

நான் கதை எழுதவில்லை. முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் ஓர் உத்தியோகத்தர் எனக்கு இரவில் மெசேஜ் போடுகிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வியும் வருகிறது, நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக. மெசேஜ்களை அழிக்காதீர்கள். நேரம் தெரியும்படி படம் எடுத்து நம்பிக்கையான இன்னொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். பதில் போட்டிருந்தாலும் பரவாயில்லை, அது உங்கள் குற்றமாகாது. அதே நிலையத்தில் சொல்லப் பயமாக இருந்தால் மேலதிகாரியான உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் பொதுமக்களின் முறைப்பாடுகளை எடுக்கும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. காசில்லாமல் சட்டத்தரணி வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழு. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938, உடனடி ஆபத்து என்றால் 119. தனியே போகாதீர்கள், பிரதேச செயலகத்தில் இருக்கிற பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் முறைப்பாட்டின் இலக்கமும் திகதியும் இருக்கிற துண்டை மறக்காமல் கொண்டுபோங்கள், எல்லா இடத்திலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.